ஒப்புக்குச் சப்பாணி

“வெளையாட்டு வெக்கறதெல்லாம் ஒரு உத்தியோகமா, மாப்பிள்ளை? நீ கதை எழுதறவன். நாலு ஊர் பார்த்தவன். நீயே சொல்லு” என்று என் அக்காள் வீட்டுக்காரர் கேட்டார்.

அவருக்கு மோகனூர். காவிரிக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் வாழை. உத்தியோகம் என்றால் அவரிடம் ஓர் இலக்கணம் உண்டு. உட்கார மேஜை இருக்க வேண்டும். மாதம் பிறந்தால் சம்பளம் வர வேண்டும். கடைசியில் பென்ஷனும் இருந்துவிட்டால் உத்தமம். எம்.எஸ்ஸி. கணிதம் படிக்க வைத்து, கல்யாணம் செய்து, கனடாவுக்கு அனுப்பிய ஒரே மகள், இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத ஒரு வேலையைச் சந்தோஷமாகச் செய்துகொண்டிருக்கிறாள் என்ற சமாசாரம் அவருக்குப் பிடிபடவே இல்லை.

வேலை இதுதான். டொரொண்டோவை அடுத்த ஒரு நகரம். அவள் சொன்ன குறைகளும் இதில் வரப்போவதால் ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த நகராட்சிக்குச் சொந்தமான சமூக மையத்தில் அவளுக்கு வாரத்துக்கு 12 மணி நேரம் வேலை. சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு. சனிக்கிழமை காலையில் வயதானவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் உடற்பயிற்சி. கோடை விடுமுறையில் பகல் முழுவதும் சிறுவர் முகாம். எத்தனை மணி நேரமோ அத்தனைக்குச் சம்பளம்.

“பக்கத்து வீட்டிலே கேட்டால் ‘முனிசிபாலிட்டியிலே வேலை’ன்னு சொல்லிவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விடுகிறேன். என்ன வேலைன்னு அடுத்த கேள்வி வருமே!” என்றாள் அக்காள்.

மச்சானின் கேள்வி நியாயமானதுதான். மீன்குஞ்சுக்கு நீச்சல் பழக்க யாராவது ஆள் வைப்பார்களா? விளையாடுவதற்கு மேற்பார்வை, அதற்கு ஒரு சம்பளம், அதற்கு ஒரு நகராட்சித் தீர்மானம் என்றால் சிரிப்புத்தானே வரும்? அதுவும் மோகனூர்க்காரருக்கு ரொம்பவே வரும். ஏனென்றால், எங்கள் பக்கத்தில் விளையாட்டு மைதானம் என்று தனியாக ஒன்றை யாரும் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. காவிரியே போட்டுக் கொடுத்திருந்தது.

எதிர்க்கரையில் வாங்கல் தெரியும். கோடையில் தண்ணீர் ஓர் ஓரமாய் ஒதுங்கிக்கொள்ள, மிச்சமெல்லாம் மணல். என் இளமையில் அந்த மணலில் சடுகுடு நடந்தது, கிட்டிப்புள் நடந்தது, நிலா நாட்களில் ஓடிப் பிடிக்கிற ஆட்டம் ராத்திரி வெகுநேரம் வரைக்கும் நடந்தது. யாரும் நடத்தவில்லை, யாருக்கும் சம்பளம் இல்லை. பிறகு அந்த மணலில் பெரும்பகுதி லாரி ஏறி வெளியூர்களுக்கு வீடு கட்டப் போய்விட்டது என்பது வேறு கதை.

யாரும் நடத்தவில்லை என்று எழுதிவிட்டேனே, அது முழுக்க வாஸ்தவமா? நன்றாக யோசித்துப் பார்த்தால் நடத்துகிறவர்கள் இருந்தார்கள். குரல் பெரியவன் நடத்தினான். மட்டை வைத்திருந்தவன் நடத்தினான். இரண்டு தலைவர்கள் எதிரெதிரே நின்றுகொண்டு ஆள் பிரிப்பார்கள். வேகமாக ஓடுகிறவன் முதலில் போவான். பலசாலி அடுத்துப் போவான். கடைசியில் மிஞ்சி நிற்கிற பொடியனை யாருக்கும் வேண்டியிருக்காது. அவன் அழுவான். அழுதால் வீட்டிலிருந்து ஆள் வரும். அதனால் அவனை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வதுபோல் சேர்த்துக்கொள்வார்கள். அவன் அவுட்டானால் அவுட் இல்லை, பிடித்தால் பிடித்ததும் இல்லை. அவனுக்குப் பெயர் ‘ஒப்புக்குச் சப்பாணி.’ வாசகர்களில் அநேகம் பேர் சின்ன வயதில் அந்தப் பதவியை வகித்திருப்பீர்கள்.

அந்தப் பொடியனாவது ஆற்றுக்குள் இருந்தான். பெண் குழந்தைகளுக்கு அதுவும் ஒரு வயது வரைக்கும்தான். அதற்குமேல் அவர்கள் மணலுக்கு வருவது குடத்தோடு அல்லது ஆடிப்பெருக்கன்று முளைப்பாரியோடு.

இந்தக் கனடாக்காரி எட்டாவது படிக்கும்போது கோ-கோவில் ஓட ஆரம்பித்தால் காற்று மாதிரி ஓடுவாள். கம்பத்தைப் பிடித்துத் திரும்புகிற திருப்பத்தில் எதிராளி இரண்டு தப்படி தள்ளிப் போயிருப்பாள். பிறகு பெரியவளானாள். சீர் நடந்தது, தாவணி வந்தது, கோ-கோ போய்விட்டது. யாரும் அவளை விளையாடாதே என்று தடுத்ததாக எனக்கு நினைவில்லை. மச்சானும் அப்படிப்பட்ட மனிதர் அல்ல. ‘வராதே’ என்று ஒருவரும் சொல்லவில்லை. ‘வா’ என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அந்த ‘வா’ என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்குத்தான் இப்போது அவளுக்கு அந்த நகரத்தில் சம்பளம் தருகிறார்கள்.

மணலிலிருந்து தொடங்கிய பேச்சுக்குப் பொருத்தமாக, அமெரிக்காவிலும் இந்தச் சமாசாரம் மணலிலிருந்துதான் தொடங்கியது. 1885-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்தின் நெருக்கடியான குடியேறிகள் பேட்டையில், ஒரு சிறு தேவாலயத்து முற்றத்தில் வண்டி மணலைக் கொட்டிப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். பெர்லின் பூங்காக்களில் இப்படி மணல் கொட்டியிருப்பதைக் கண்டு யோசனை சொன்னவர் மேரி ஜக்ரெவ்ஸ்கா என்ற பெண் மருத்துவர். முதலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சும்மா பார்த்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே, பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. மணலைக் கொட்டினால் மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால்தான் சின்னப் பிள்ளை கைக்கும் மணல் கிடைக்கும் என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 1906-இல் அந்த நாட்டு விளையாட்டிடச் சங்கம் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவரானவர் லூதர் குலிக்.

இந்தக் குலிக்கை நாம் கொஞ்சம் பின்தொடர்ந்தால் நம்முடைய ஊருக்கே வந்து சேரலாம். அவர் அதற்கு முன்பு ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இருந்தவர். அங்கே 1891-இல், பனிக்காலத்தில் வெளியே போக முடியாமல் அடங்காப்பிடாரியாகத் திரிந்த ஒரு வகுப்பு, 18 பேர். இரண்டு ஆசிரியர்கள் ‘நம்மால் ஆகாது’ என்று கைவிட்ட வகுப்பு. அதை ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற இளைஞரின் தலையில் குலிக் கட்டினார். பையன்களைச் சமாளிக்க அவர் பீச் பழக்கூடை இரண்டை மாடிக் கைப்பிடியில் அடித்து, 13 விதிகள் எழுதிப் போட்டார். அதுதான் கூடைப்பந்து. நான்கு ஆண்டு கழித்து ஹோலியோக் ஊரில் வில்லியம் மார்கன், நடுவயது வியாபாரிகளுக்குக் கூடைப்பந்து மூச்சு வாங்குகிறது என்று பார்த்து, நடுவே வலை கட்டி, ஆளை ஆள் இடிக்காத ஓர் ஆட்டத்தை ஏற்படுத்தினார். இன்று நாமக்கல் பக்கத்தில் தோட்டத்து ஓரமெல்லாம் கம்பு நட்டு ஆடுகிறார்களே, அந்தக் கைப்பந்து அதுதான்.

உலகமெல்லாம் ஆடுகிற இரண்டு ஆட்டங்களும் பெரிய வீரர்களுக்காகப் பிறந்தவையல்ல என்பதை மச்சான் கவனிக்க வேண்டும். ஒன்று யாருக்கும் அடங்காதவர்களுக்காகப் பிறந்தது; இன்னொன்று ஓட முடியாதவர்களுக்காகப் பிறந்தது. பிறப்பித்த இருவரும் ‘விளையாட்டு வைக்கிற’ உத்தியோகக்காரர்கள்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1919-இல் சென்னைக்கு வந்தார். 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஆரம்பித்தார். அது பிறகு நந்தனத்துக்குப் போயிற்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்ற டிரில் மாஸ்டர்களின் வமிசத்தைப் பின்னோக்கிப் பார்த்தால் அநேகமாக அந்த மனிதரிடம்தான் போய் நிற்கும். 1943-இல் காலமாகும் வரையில் அவர் சென்னையிலேயே இருந்தார்.

சரி, வம்ச வரலாறு போதும். அவள் வேலை செய்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

ஒரு தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்காக அந்தப் பக்கம் போயிருந்தபோது, “நீங்க வந்து ஒரு மூலையிலே உட்கார்ந்து பாருங்க மாமா” என்று அழைத்துப் போனாள். பெரிய கூடம், மரத்தரை. இருபது, இருபத்திரண்டு பிள்ளைகள். எந்தெந்த தேசத்துப் பிள்ளைகள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கழுத்தில் விசில் இருந்தது. அவள் அதை ஊதியதை நான் பார்க்கவில்லை. தரையில் நாடா ஒட்டி எட்டுக் கட்டங்கள் போட்டிருந்தாள். கட்டத்துக்கு ஒரு பிள்ளை, ஒன்று கிழக்கே பார்த்து, அடுத்தது மேற்கே பார்த்துக் குந்தியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மோகனூர் கோ-கோ!

ஆனால் எட்டுக் கட்டத்தில் ஏழு பேர்தான் இருந்தார்கள். ஒரு கட்டம் காலி. கூடத்தின் ஓரத்தில், சுவரோடு சுவராக, எட்டு வயதுப் பையன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். யுத்தம் நடக்கும் ஏதோ ஒரு தேசத்திலிருந்து வந்து சில வாரங்களே ஆகியிருந்தனவாம். இங்கிலீஷ் தெரியாது. அவள் அவனைக் கூப்பிடவில்லை. கையைப் பிடித்து இழுக்கவில்லை. “ஒரு ஆள் குறைகிறது” என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினாள். ஓடுகிற பிள்ளை காலிக் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு கணம் தயங்கிவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போயிற்று.

“அவனை உட்காரச் சொல்லக் கூடாதா?” என்று வரும் வழியில் கேட்டேன்.

“சொன்னால் வந்து உட்கார்ந்திடுவான் மாமா, பயத்திலே. அப்புறம் ஒப்புக்குச் சப்பாணியாகவே இருந்திடுவான்.”

நான் ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் தொலைபேசியில் சொன்னாள்: அதற்கடுத்த வாரமும் அந்தக் கட்டத்தைக் காலியாகவே வைத்திருந்தாளாம். அதற்கும் அடுத்த வாரம் ஆட்டம் தொடங்குமுன் அவனே வந்து அதில் குந்திக்கொண்டானாம். கோ-கோவில் உட்கார்ந்திருப்பவன் தானாக எழுந்து ஓடக் கூடாது. பின்னால் வருகிறவன் முதுகைத் தொட்டு ‘கோ’ என்று சொன்னால்தான் எழுந்திருக்கலாம். ஒரு சின்னப் பெண் அவன் முதுகைத் தொட்டு, “கோ!” என்று கத்தியதும், திசை தெரியாமல் ஒரு முறை திகைத்துவிட்டு, அவன் ஓடிய ஓட்டத்தைச் சொல்லும்போது இவளுக்குக் குரல் தழுதழுத்தது. “எனக்கு இதுக்கு மேலே வேலை வேண்டாம் மாமா” என்றாள்.

இது அவளுடைய சொந்த சாமர்த்தியம் மட்டுமல்ல. ஒண்டாரியோ மாகாணத்தில் இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி உண்டு. முதலுதவி படித்திருக்க வேண்டும். பிள்ளைகளோடு பழகுகிற வேலையாதலால் போலீஸ் சான்று வேண்டும். ‘ஹை ஃபைவ்’ என்று ஒரு பாடத்திட்டம் 2001 முதல் நடக்கிறது. ஒரு பிள்ளை விளையாட வந்த இடத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அதில் ஐந்து சொல்கிறார்கள்: அக்கறையுள்ள ஒரு பெரியவர், சிநேகிதர், விளையாட்டு, ஒன்றைக் கற்றுத் தேர்ந்த திருப்தி, தனக்கும் அதில் ஒரு பங்கு. மைதானமும் பந்தும் அந்த ஐந்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலாவதாக நிற்பது ஆள்.

நம் பக்கத்தில் இதை யாரும் யோசிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சமூகக் கல்வி அமைப்பாளர்கள் இரண்டு பேர். ஆண் ஒருவர், பெண் ஒருவர். இளைஞர் சங்கம், மாதர் சங்கம், வாசகசாலை, ஆட்டம், பாட்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஊரை ஒன்றுகூட்டுவதே ஒரு முழு வேலை என்று சர்க்கார் ஒப்புக்கொண்ட காலம் அது. பிறகு உணவு உற்பத்தி முதலிய அவசரங்கள் முன்னுக்கு வர, ஆட்டமும் பாட்டும் பின்னுக்குப் போயின.

2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் முதலியவற்றுக்காகப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். 2024-இல் அது 12,500 ரூபாய் ஆயிற்று. மே மாதம் பள்ளி இல்லை, ஆகவே சம்பளமும் இல்லாமல் இருந்தது. வயிறு மட்டும் மே மாதத்தில் விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை என்று அவர்கள் போராட்டம் நடத்தியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2020-இல் கிராம ஊராட்சிகளுக்கும் 528 பேரூராட்சிகளுக்கும் கபடி, கைப்பந்து முதலியவற்றுக்காக ஒரு திட்டம் வந்தது. 2024-இல் ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்களும் கொடுத்தார்கள். நல்ல காரியம்; குறை சொல்லவில்லை. ஆனால் பந்து தானாக உருண்டு போய், சுவரோரம் நிற்கிற பிள்ளையை வா என்று அழைக்காது.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கோவைப் பக்கத்தில் வள்ளி ஒயில் கும்மி என்று ஓர் ஆட்டம். நெடுங்காலமாக ஆண்களே ஆடிவந்தது. பத்ரப்பன் என்ற பெரியவர் அதைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 2024-இல், 87-ஆவது வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். இன்றைக்குக் கொங்கு நாட்டுக் கோயில் விழாக்களில் பாட்டிமாரும் பேத்திமாரும் ஒரே நிறச் சேலை கட்டி, நூற்றுக்கணக்கில் சேர்ந்து கும்மியடிப்பதைப் பார்க்கிறோம். அந்தப் பெண்களுக்குக் கால் நேற்று முளைக்கவில்லை. ஆடும் ஆசையும் நேற்று முளைக்கவில்லை. ‘நீயும் வா அம்மணி’ என்று சொல்லி, அடி பிசகினால் சிரிக்காமல் திருத்துகிற ஒருவர் வர வேண்டியிருந்தது.

இனி, என் மருமகளின் குறைகளையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வெறும் தோத்திரப் பாட்டாகிவிடும். ஒரு வகுப்பில் போதிய பேர் பதிவு செய்யாவிட்டால் வகுப்பு ரத்து. அவளுடைய அந்த மணிநேரமும் ரத்து. மூன்று மாதத்துக்கு ஒரு முறை புது அட்டவணை. அடுத்த பருவத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று இந்தப் பருவத்தில் சொல்ல முடியாது. பக்கத்து டொரொண்டோவில் இப்படிப்பட்ட பகுதிநேரக்காரர்களுக்கென்றே தொழிற்சங்கத்தில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அவள் இருக்கும் ஊரில் அதுபோல் ஒன்று வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம். கூடத்தைப் பூட்டித் திறக்கிறவருக்கு அங்கே முழுநேர வேலை. உள்ளே இருபது பிள்ளைகளை ஒன்றாக்குகிறவளுக்கு அரைநேர வேலை. “பிள்ளைகளை நான் ஆட்டத்திலே சேர்த்துக்கொள்கிறேன் மாமா; என்னை ஆட்டத்திலே சேர்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை” என்று ஒரு தடவை சொன்னாள். சம்பளப் பட்டியலில் அவள்தான் ஒப்புக்குச் சப்பாணி. 16,549 பேரின் கதையும் ஏறக்குறைய அதுதானே?

ஏன் இப்படி என்று யோசித்தேன். கட்டடம் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம். பந்து வாங்கினால் ரசீது உண்டு. ஒரு பிள்ளை சுவரை விட்டு மூன்று தப்படி நடந்து வந்ததற்கு எந்த ஆபீஸில் ரசீது கொடுப்பார்கள்? இந்த வேலை நன்றாக நடக்கும்போது நடப்பதே தெரியாது. பிள்ளைகள் தாங்களாகவே விளையாடுவதுபோல்தான் இருக்கும். தேர்ந்த சமையற்காரர் கையில் உப்பு மாதிரி. இல்லாதபோதுதான் இல்லை என்பது தெரியும்.

நாமக்கல் 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. மோகனூர் சின்ன ஊர்தான். ஆனாலும் சாயங்காலம் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் திட்டுகிறோம். காலியாகக் கிடக்கிற மைதானத்தைப் பார்த்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளையாடத் தெரியவில்லை என்று பெருமூச்சும் விடுகிறோம். எனக்கென்னவோ அவர்கள் கோ-கோவில் குந்தியிருக்கிற பிள்ளைகள் மாதிரிதான் தோன்றுகிறது. தாங்களாக எழுந்திருக்கக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. யாராவது வந்து முதுகைத் தொட வேண்டும்.

ஊருக்கு ஓர் ஆள்; ஆணொருவர், பெண்ணொருவர் என்றால் இன்னும் விசேஷம். தினம் இரண்டு மணி நேரம். மே மாதத்துக்கும் சேர்த்து, அடுத்த வருஷமும் உண்டு என்ற நிச்சயத்தோடு ஒரு சம்பளம். தெருவிளக்குப் போடுவதற்கும் குப்பை அள்ளுவதற்கும் ஆகிற செலவோடு ஒப்பிட்டால், இது ஊர் வரவு செலவில் கண்ணுக்கே தெரியாது. முதல் மாதம் பத்துப் பிள்ளைகள்கூட வர மாட்டார்கள். எட்டாவது படிக்கிற பெண் பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்காக வகுப்பை ரத்து செய்துவிடக் கூடாது. அவர்களுடைய கட்டத்தைக் காலியாகவே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.